சிக்கனம் மட்டும் போதுமா? கல்லூரி நகரத்தில் சிறு சம்பளக் குடும்பங்கள்



திருச்சிராப்பள்ளி கல்வியால் பெயர்பெற்ற நகரம். நாகப்பட்டினத்தில் 1844இல் தொடங்கி 1883இல் இங்கு இடம்பெயர்ந்த தூய வளனார் கல்லூரி, நம் சமுதாயப் பெரியோர்கள் 1951இல் நிறுவிய ஜமால் முகமது கல்லூரி, 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தோன்றிய இன்றைய தேசியத் தொழில்நுட்பக் கழகம், 1982இல் உருவான பாரதிதாசன் பல்கலைக்கழகம் என நீளும் பட்டியல் அது. ஆண்டுதோறும் கோடை முடிந்ததும் பெட்டி படுக்கையோடு வந்திறங்கும் மாணவர்களைக் காணும்போது நம் உள்ளம் மகிழ்கிறது. கல்வியைத் தேடிப் புறப்படுவோரைக் கண்ணியப்படுத்தும் மார்க்கம் நம்முடையது.

ஆயினும் இந்நகரத்தில் மாணவர்களும் பேராசிரியர்களும் மட்டும் வாழவில்லை. நூலக உதவியாளர், அலுவலக எழுத்தர், ஆய்வக உதவியாளர், விடுதிச் சமையற்காரர், புத்தகக் கடை ஊழியர் எனப் பல்லாயிரவர் உழைப்பில்தான் கல்வி நிலையங்களின் அன்றாடம் நகர்கிறது. மாதம் பிறந்தால் சிறு சம்பளம் பெறும் இக்குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. ஒருவர் கல்லூரி நூலகத்தில் பணிபுரிகிறார். மற்றவர் வீட்டில் தையல் வேலை செய்கிறார். இரண்டும் சேர்ந்து மாதம் 21,000 ரூபாய் வருகிறது. வீட்டு வாடகை 7,500. மளிகை, பால், காய்கறி 6,500. மின்சாரம், எரிவாயு 1,500. பிள்ளைகளின் படிப்புச் செலவு 2,000. போக்குவரத்து 1,200. அத்தம்மாவின் மருந்து 1,300. இவை போக எஞ்சுவது 1,000 ரூபாய். நியாயவிலைக் கடையின் விலையில்லா அரிசியும், 30 ரூபாய்த் துவரம்பருப்பும், 25 ரூபாய்ப் பாமாயிலும் கிடைப்பதால்தான் இந்த 1,000 ரூபாயும் எஞ்சுகிறது. அல்ஹம்துலில்லாஹ், பட்டினி இல்லை, கடன் இல்லை.

இந்தக் கணக்கைக் குலைத்தது ஆடம்பரம் அன்று, வாடகை. ஒன்பது ஆண்டுகள் குடியிருந்த காஜா நகர்ப் பகுதி வீட்டை விட்டுத்தருமாறு உரிமையாளர் கேட்டுக்கொண்டார். ஐந்து மாணவர்களுக்குத் தலைக்கு 2,500 வீதம் விட்டால் மாதம் 12,500 வரும் என்று அவர் மறைக்காமல் கூறினார். அவர் கெட்டவர் அல்லர். ஐவேளைத் தொழுகையாளி, எங்கள் பிள்ளைகளுக்குப் பெருநாள் காசு தவறாமல் கொடுத்தவர். கூடுதலாக 5,000 ரூபாய் வரும்போது வேண்டாமென்று சொல்ல அவருக்கும் மனம் வரவில்லை. அந்த மாணவர்கள்மீதும் எங்களுக்கு வருத்தமில்லை. ஊரில் எங்களைப் போன்ற ஒரு தாய் தகப்பன் அனுப்பும் பணத்தில்தான் அவர்களும் வாடகை கொடுக்கிறார்கள்.

இப்போது அரியமங்கலத்தைத் தாண்டிக் குடியிருக்கிறோம். வாடகை அதே 7,500தான். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் வீட்டுப் பெண்களின் போக்குவரத்துச் செலவும் கூடவில்லை. பணக் கணக்கில் பெரிய நஷ்டம் இல்லை. இழந்தது வேறு. அஸருக்குப் பிறகு பிள்ளைகள் தாமாக நடந்து சென்று ஓதிய மக்தப் மதரஸா இப்போது இரண்டு பேருந்துத் தொலைவில் இருக்கிறது. அத்தம்மாவின் தோழியர் இல்லை. நள்ளிரவில் உடல் நலம் குன்றினால் கதவைத் தட்டும் உரிமையுள்ள அண்டை வீடும் இல்லை. பழைய மஹல்லாவுக்கும் இழப்பு உண்டு. கல்லூரி நடக்கும் மாதங்களில் பள்ளிவாசலின் ஸஃப்கள் நிறைந்திருக்கின்றன. விடுமுறை நாளில் ஃபஜ்ருக்குச் சென்று பாருங்கள், எத்தனை குடும்பங்கள் அங்கிருந்து வெளியேறிவிட்டன என்பது தெரியும்.

இத்தகைய குடும்பங்களுக்கு நம் மேடைகள் வழங்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: சிக்கனமாக வாழுங்கள், போதுமென்ற மனம் கொள்ளுங்கள். இது உண்மையான அறிவுரை. கஞ்சத்தனத்துக்கும் வீண்விரயத்துக்கும் இடைப்பட்ட வழியைக் குர்ஆன் கற்பிக்கிறது. உலகப் பொருளில் நம்மைவிடக் கீழே இருப்போரைப் பார்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அண்டை வீட்டாரின் கைப்பேசியையும் திருமண விருந்தையும் பார்த்து ஏங்கித் தவணைக் கடனில் விழும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அவர்கள் இந்த அறிவுரையைச் செவிமடுக்கவே வேண்டும். ஆனால் 21,000 ரூபாயில் 20,000 ரூபாய்க்கு ஒழுங்காகக் கணக்குச் சொல்லும் குடும்பத்திடம் மீண்டும் சிக்கனத்தையே உபதேசிப்பது பாதி மார்க்கத்தை மட்டும் பேசுவதாகும். மறுபாதி, வீடு உடையோருக்கும் ஜமாஅத்துக்கும் உரியது.

மாதச் சம்பளம் வாங்குபவருக்கு என்ன குறை என்று கேட்போர் உண்டு. சூரா அல்கஹ்ஃபில் மூஸா (அலை) அவர்களின் பயணத்தில் வரும் கப்பலை நினைவுகூர்வோம். அதன் சொந்தக்காரர்கள் கடலில் உழைத்துப் பிழைத்தவர்கள். சொந்தமாகக் கப்பல் இருந்தும் குர்ஆன் அவர்களை மிஸ்கீன்கள் என்றே குறிப்பிடுகிறது. ஓரளவு உடைமையும் தொழிலும் இருந்தும் தேவைக்குப் போதாதவர் மிஸ்கீன் என்பதற்கு ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் இதனையே சான்றாகக் காட்டுவர். கை நீட்டாத காரணத்தால் செல்வர் என்று தவறாக எண்ணப்படுவோரைப் பற்றியும் அல்பகரா அத்தியாயம் பேசுகிறது. வெளுத்த சட்டையும் அடையாள அட்டையுமாகக் கல்லூரிக்குச் செல்பவர் நம் கண்ணுக்கு ஏழையாகத் தெரிவதில்லை. அவர் கேட்பதும் இல்லை.

அவ்வாறாயின் என்ன செய்யலாம்? முதலாவதாக, நம் மஹல்லாக்களில் இரண்டு மூன்று வீடுகளை வாடகைக்கு விட்டிருப்போர், அவற்றுள் ஒன்றையேனும் குடும்பத்துக்கென்று ஒதுக்கலாம். சந்தை வாடகையில் 1,000 ரூபாயைக் குறைத்து, அதனை அல்லாஹ்விடம் கூலி எதிர்பார்க்கும் ஸதகாவாக எண்ணலாம். மாதந்தோறும், பிறர் அறியாமல், வாங்குபவரின் தலை குனியாமல் போய்ச்சேரும் தர்மம் அது. எஞ்சிய வீடுகளை மாணவர்களுக்கு விடுவதில் குறையில்லை. அவர்களுக்கும் இருப்பிடம் வேண்டும்.

இரண்டாவது, முன்பணம். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறக்கூடாது என்கிறது. அந்த வேறு உடன்பாட்டுக்கு இடமளிக்காமல், மூன்று மாதத்தோடு நிறுத்திக்கொள்வதே நம்மவர்க்கு அழகு. எங்களிடம் புதிய வீட்டுக்கு 50,000 ரூபாய் கேட்கப்பட்டது. சேமிப்பு 20,000 இருந்தது. மீதிக்கு நகையை அடகு வைக்குமாறு பலர் கூறினர். வட்டிக்கு அஞ்சி நகையை விற்றோம். விற்பதற்கு நகை இல்லாத குடும்பம் என்ன செய்யும்? வட்டி ஹராம் என்று ஜும்ஆ மேடையில் உரக்கச் சொல்லும் நாம், வட்டியில்லாத வழியையும் அதே பள்ளிவாசலில் திறந்து வைத்திருக்க வேண்டாமா?

இதற்குப் பெருநிதி தேவையில்லை. மஹல்லாவின் பைத்துல் மாலில் 2,25,000 ரூபாயை அழகிய கடனுக்கென்று தனியே ஒதுக்கினால், மூன்று மாத வாடகையான 22,500 ரூபாயைப் பத்துக் குடும்பங்களுக்கு வழங்கலாம். மாதம் 2,250 வீதம் பத்து மாதங்களில் தொகை திரும்பிவிடும். அதுவும் கனம் என்போருக்கு இருபது மாதத் தவணை கொடுக்கலாம். திரும்பிய பணம் அடுத்த குடும்பங்களுக்குச் செல்லும். ஜகாத் நிதியைக் கடனாகக் கொடுப்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால், இதனை ஸதகா நிதியிலிருந்து அமைத்துக்கொள்வது பாதுகாப்பானது. ஒரு வலீமாவின் விருந்துப் பட்டியலில் இரண்டு வகைகளைக் குறைத்து அத்தொகையை இந்நிதிக்குக் கொடுக்க முன்வருவோர் நம்மில் இல்லாமலா போவார்கள்?

கடன் பெறும் நமக்கும் கடமை உண்டு. தவணை நாளில் தவறக்கூடாது. இயலாதபோது ஒளியாமல் நேரில் சென்று சொல்ல வேண்டும். வரவும் செலவும் எழுதும் நோட்டைப் பிள்ளைகளிடமும் காட்ட வேண்டும். குழம்பில் தண்ணீரைச் சற்றுக் கூட்டியாவது அண்டை வீட்டாருக்குப் பங்கு தருமாறு நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்ன அறிவுரை, சிறு சம்பளம் வாங்குவோரையும் கொடுப்போர் வரிசையில் நிறுத்துகிறது.

ஒரு மஹல்லாவில் மாணவரும் தங்க வேண்டும். அவர்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பவரின் குடும்பமும் தங்க வேண்டும். வீட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம் வரும்போது, வாடகையை எவ்வளவு கூட்டலாம் என்று எண்ணுவதற்கு முன், அந்த வீட்டில் யார் வாழ்கிறார்கள் என்பதையும் வீடுடையோர் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

வல்ல ரஹ்மான் நம் வருவாயில் பரக்கத்தையும், கொடுப்போர் உள்ளத்தில் விசாலத்தையும், கேட்கத் தயங்குவோர் முகத்தில் கண்ணியத்தையும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.