நமக்குள் என்ன கணக்கு?

தோட்டத்தை விட்டு நகரத்து ஆலைகளுக்குப் போகும் நம் பிள்ளைகள் நால்வர், ஐவராக ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கின்றனர். மின்சார பில்லோ ஒருவர் பெயரில்தான் வருகிறது. மற்றவர் பங்கு தராவிட்டால் கடன் அவர் தலையில். வாங்கிய காசை அவர் கட்டாவிட்டால் இருட்டு எல்லாருக்கும்.

"நமக்குள் என்ன கணக்கு?" என்பது பெருந்தன்மையாகத் தோன்றும். பகைக்கு வித்து அதுவே என்போம். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியபோது, பால்மரம் வெட்டியவர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தனர். முகத்தை மட்டுமா நம்பினர்? அவரவர் பெயருக்கு நேரே கணக்கு இருந்தது.

ஆகவே தோழர்களே, பில்லைச் சுவரில் ஒட்டுங்கள். கொடுத்த காசை நோட்டில் எழுதுங்கள். சம்பளம் குறைந்த மாதம் தவணை கேட்பது இழிவல்ல, மறைப்பதே இழிவு. கணக்குக் கேட்பது சந்தேகமாகாது, காட்டுவதே நாணயம்!