இரட்டையர்க்கு ஒரு சிறுதேர்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பாற் பிள்ளைக்குரிய பத்தாம் பருவமாகச் சிறுதேரை வைத்தார்கள். அதற்கு நெடுங்காலம் முன்னரே பட்டினப்பாலை ஆசிரியர், காவிரிப்பூம்பட்டினத்து முற்றங்களிலே குதிரை பூட்டாத மூன்றுருளைத் தேரைச் சிறுவர் உருட்டித் திரியக் கண்டார். கோழியைத் துரத்தப் பெண்கள் வீசியெறிந்த காதணி அந்தத் தேருக்கு வழிமறித்ததாம். செல்வச் செழிப்பைக் காட்டப் புலவர் சொன்ன செய்தி அது. நம்முடைய நாவலப்பிட்டியிலே தேருக்கு வழிமறிப்பது காதணியன்று. மூடியில்லாத கானும், பெயர்ந்து கிடக்கும் கருங்கல்லும், கடைக்காரர் நடைபாதையில் பரப்பிய பிளாஸ்திக் வாளிகளுமே.

இலக்கியப் பகுதியிலே தள்ளுவண்டிக்கு என்ன வேலை என்று புருவம் நெரிக்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க. அந்தத் தேர்களையெல்லாம் உருட்டியவர்கள் குழந்தைகள். குழந்தையை ஏற்றித் தாய் உருட்டும் தேர் நம் இலக்கியத்துக்குப் புதிது. இருவரை ஒருங்கே ஏற்றும் தேரோ நம் வீதிகளுக்கே புதிது. ஆயினும் இரட்டையர் நம் நாட்டில் அருமையானவர் அல்லர். 2020 ஜனவரியிலே கொழும்பு சுகததாச விளையாட்டரங்கில் அவர்கள் ஆயிரக்கணக்கிற் கூடி உலக சாதனைக்கு முயன்றதைப் பத்திரிகைகளிற் படித்திருப்பீர்கள். அவர்களுடைய தாய்மார் அவர்களை எப்படித் தூக்கிச் சுமந்தார்கள் என்று எவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

வண்டியின் வரலாறு சிறிது. 1733ஆம் ஆண்டளவில் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ற் என்னும் ஆங்கிலக் கலைஞர் சிப்பி வடிவில் ஒரு வண்டி சமைத்தார். அதை இழுப்பது ஆடு அல்லது மட்டக்குதிரை. பின்னர் பிராம் வந்தது. மலைநாட்டுத் துரைமார் பங்களாக்களின் புல்வெளிகளிலே அதைத் தள்ளியவர்கள் நம் ஆயாமார். தம் பிள்ளைகளை அவர்கள் இடுப்பிலே சுமந்தார்கள். துரையின் பிள்ளைக்குச் சக்கரமும் தன் பிள்ளைக்கு இடுப்பும் என்ற அந்த ஏற்பாட்டை எவரும் விந்தையாகக் கருதவில்லை. 1965இலே ஓவன் மக்லாரன் என்னும் விமானப் பொறியியலாளர், பாரமான பிராமோடு தம் மகள் படும் பாட்டைக் கண்டு, அலுமினியக் குழாய்களால் குடைபோல மடங்கும் ஒரு தள்ளுவண்டியை ஆக்கினார். அதன் நிறை மூன்று கிலோவுக்கும் குறைவு. ஸ்பிற்பயர் என்ற போர் விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் உழைத்த கை அது. இன்று நாம் 'பாரமற்ற வண்டி' என்று கடைகளிற் கேட்பதெல்லாம் அந்தக் குடைவண்டியின் வழித்தோன்றல்களே.

ஆனால் 'பாரமற்றது' என்ற சொல்லை நாம் பிழையாகவே எடை போடுகின்றோம் என்பது என் கருத்து. புகையிரதம் நாவலப்பிட்டிக்கு வந்தது 1874இலே. மலைநாட்டுப் பாதையின் கடுமையான ஏற்றங்களைக்கூட 44 அடிக்கு ஓரடிக்கு மேற்படாமல் அமைத்தார்கள் அந்நாளைய பொறியியலாளர்கள். அதற்கே எஞ்சின்கள் மூச்சு வாங்கின. நம் ஊரின் கிளை வீதிகளும் தோட்டப் பாதைகளும் அத்தனை தயவு காட்டுவதில்லை. எட்டடிக்கு ஓரடி ஏறும் ஒரு வீதியை எண்ணிக்கொள்வோம். பதினொரு கிலோ வீதம் இரு குழந்தைகள், பத்துக் கிலோ வண்டி. மொத்தம் 32 கிலோ. சக்கர உராய்வைத் தள்ளிவைத்தால், தாய் இடைவிடாது கொடுக்க வேண்டிய உந்தல் நான்கு கிலோ அளவு. வண்டி பதினைந்து கிலோவானால் அது ஏறத்தாழ 4.6 ஆகும். வித்தியாசம் ஓர் இறாத்தலைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். தள்ளும்போது பாரம் குழந்தைகளுடையது, வண்டியுடையதன்று.

தூக்கும்போதோ கதை வேறு. பஸ்ஸின் படியிலும், புகையிரதப் பெட்டியின் உயர்ந்த வாசலிலும், வீட்டுக்கு இறங்கும் கற்படிகளிலும் அந்த ஐந்து கிலோவும் முழுமையாகக் கையிலே விழும். அதுவும் மற்றக் கையிலே ஒரு குழந்தை இருக்கும்போது. ஆதலால் வண்டி வாங்கப் போகிறவர் அதைக் கடையின் பளிங்குத் தரையிலே தள்ளிப் பார்த்து மகிழ்வதிற் பயனில்லை. ஒரு கையால் மடித்து, அதே கையால் தூக்கி, நான்கு படி ஏறிப் பார்க்க வேண்டும். விற்பனையாளர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

இருவர்க்கான வண்டி இருவகை. பக்கத்துப் பக்கமாக இருத்துவது ஒன்று. முன்னும் பின்னுமாக இருத்துவது மற்றொன்று. பின்னது ஒடுக்கமானது, சந்தை நெரிசலிற் புகுந்து வரும். ஆனால் நீளமும் பாரமும் மிகுந்தது. வீதியோரக் கல்லில் முன்சக்கரத்தை ஏற்றுவதென்றால் முன்னிருக்கும் பிள்ளையின் பாரத்தை நெம்ப வேண்டும். பின்னிருக்கும் பிள்ளைக்கோ உலகம் முழுவதும் உடன்பிறப்பின் முதுகுதான். இரட்டையரிடையே வழக்குகள் அங்கேதான் தொடங்கும். பக்கத்துப் பக்க வண்டி நகுல சகாதேவரைச் சமமாக வைக்கிறது. மடித்தால் பெரும்பாலும் ஆட்டோவின் பின்புறத்தில் அடங்குகிறது. அதன் குற்றம் அகலம். முப்பது அங்குலம் வரும். இரண்டரை அடிக் கதவிலே நிலையின் தடிப்புப் போக எஞ்சுவது அதனினும் குறைவு. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சித்தப்பாமாரும் பெரியம்மாமாரும் அன்போடு வாங்கியனுப்பும் வண்டிகள் பல, வாசலைக் கடக்கமாட்டாமல் விறாந்தையிலே துணி காயவிடும் கொடியாக முடிவது இதனாலேதான். அளவுநாடா முதலில், வண்டி பிறகு. வாசல் இடங்கொடுத்தால் நான் பக்கத்துப் பக்க வண்டியையே சொல்வேன்.

நிறைக்கு மேலாக மலைநாட்டார் பார்க்க வேண்டியது தடை. கொழும்புக் காலிமுகத்திடலிலே தடை பழுதானால் வண்டி நிற்கும். டொலஸ்பாகை வீதியின் சரிவிலே நிற்காது. இரு பின்சக்கரங்களையும் ஒரே மிதியாற் பூட்டும் அமைப்பும், தாயின் மணிக்கட்டோடு பிணைக்கும் ஒரு வாரும் வேண்டும். ஐந்து இடத்திற் பிணிக்கும் இருக்கைவார் இன்றேல் அந்த வண்டியைத் தொடவே வேண்டாம். மரக்கறிப் பையைக் கைப்பிடியில் மாட்டினால், குழந்தைகள் இறங்கிய கணத்திலே வண்டி மல்லாந்து விழும். மடக்கும் மூட்டுகளிலே மூடி உண்டா என்றும் பார்க்க. மக்லாரன் நிறுவனமே 2009 நவம்பரில் அமெரிக்காவில் பத்து இலட்சம் வண்டிகளளவு திரும்ப அழைத்தது. மூட்டிலே சிக்கிப் பன்னிரு குழந்தைகளின் விரல்நுனி துண்டிக்கப்பட்டதாக முறைப்பாடு வந்ததே காரணம். மழைமூடியைப் பற்றி நாவலப்பிட்டியாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. காற்றுப் புகும் துளை அதிலே இருக்கட்டும் என்பது மட்டுமே.

இவ்வளவும் வண்டி வாங்கக் கூடியவர்களுக்கு. தோட்டத்திலே இரட்டைப் பிள்ளை பெற்றவளுக்கு? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவிலே வண்டியை எங்கே நிறுத்துவது? லயத்திலிருந்து பிள்ளைக் காம்பராவுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையிலே எந்தச் சக்கரம் உருளும்? விடியலில் ஒன்று இடுப்பிலும் ஒன்று அம்மாயியின் தோளிலுமாக இறங்குகிறார்கள். அம்மாயி இல்லாத வீட்டிலே இருமுறை நடை. முதற் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு மீள்கையில் இரண்டாவது அழுதுகொண்டிருக்கும். கொழுந்து மலைக்கோ நேரமாகியிருக்கும். தொழில் வேளையில் பாலூட்ட இருமுறை இடைவேளை நம் நாட்டுச் சட்டத்திலே உண்டு. பிள்ளைக் காப்பகம் உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் அரைமணி நேரத்துக்குக் குறையாதது. மலையுச்சியிலிருந்து இறங்கி, இருவருக்கும் ஊட்டி, மறுபடி ஏறுவதற்கு அந்த அரைமணி போதுமா என்று சட்டம் செய்தவர்கள் ஏறி இறங்கிப் பார்த்திருப்பார்களா?

அவளுக்கு வேண்டியது பாரமற்ற வண்டியன்று; பாதை. நான்கடி அகலத்தில் கொங்கிரீட் இட்ட, படிக்குப் பதில் சரிவு வைத்த பாதை. அதிலே தள்ளுவண்டியும் போகும், நோயாளியின் நாற்காலியும் போகும், பாட்டியின் கைத்தடியும் வழுக்காது. வலுவிழந்தோருக்காக 1996இன் 28ஆம் இலக்கச் சட்டமும், பொதுக் கட்டடங்களுக்கு அவர்கள் தடையின்றிச் செல்வதற்கென 2006இன் விதிகளும் நம் நாட்டிலே உள்ளன. 2011இலே உயர் நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. இரட்டையரின் தாயைச் சட்டம் பெயர் சொல்லி அழைக்கவில்லை. ஆயினும் சக்கர நாற்காலிக்கு இட்ட சரிவிலே அவளும் ஏறலாம். சரிவு வேண்டுமென்று கேட்போரின் தொகையை இவ்வாறு பெருக்கிக் காட்டுவது தந்திரமன்று, உண்மையே.

எங்கே தொடங்குவது என்று கேட்பார்க்கு: மருத்துவமாது குழந்தைகளை நிறுத்துப் பார்த்துத் தடுப்பூசி போட அழைக்கும் கிளினிக்குகளின் வாசலிலே தொடங்கலாம். மாதந்தோறும் இரு பிள்ளைகளோடும் தாய் கட்டாயம் வந்தாக வேண்டிய இடம் அது. இரண்டு படி உள்ள வாசலென்றால் ஒரு மேசனுக்கு ஓரிரு நாள் வேலை. சில மூடை சீமெந்து. கொஞ்சம் மணலும் சல்லியும்.