மண்ணில் மறைந்த கோட்டை

கோட்டை என்றவுடன் நம் கண்முன் வருவது மலையுச்சிதான். திண்டுக்கல் பாறையும் செஞ்சிக் குன்றுகளும் அவ்வாறே நம் மனத்தில் நிமிர்ந்து நிற்கின்றன. சுற்றுலா என்றாலும் அத்தகைய இடங்களையே கேட்கிறோம். கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே, ஒட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சியிலோ ஏறுவதற்குக் குன்றும் இல்லை. அண்ணாந்து பார்க்க இடிந்த மதிலும் இல்லை. ஆயினும் கரிசல் மண்ணில் பிறந்த நாம் முதலில் அறிய வேண்டிய கோட்டை அதுவே என்பது எங்கள் கருத்து.

அது மண்கோட்டை. 1801-ஆம் ஆண்டுப் போரில் பங்குகொண்ட வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி அதன் அளவை எழுதி வைத்துள்ளார். ஏறத்தாழ 500 அடி நீளம், 300 அடி அகலம், 12 அடி உயரம். கருங்கல் கோட்டைகளுக்கு முன் இது எம்மாத்திரம் என்று தோன்றலாம். நடந்ததைப் பாருங்கள்.

1799 செப்டம்பரில் கும்பினியார் படை இக்கோட்டையைத் தாக்கியது. அக்டோபர் 16-ஆம் நாள் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். கோட்டை இடிக்கப்பட்டது. கதை முடிந்தது என்று எண்ணினர். 1801 பிப்ரவரி 2-ஆம் நாள் அவருடைய தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். ஒரு வாரத்திற்குள் இடிந்த மதில்கள் மீண்டும் எழுந்தன! மார்ச் 31-ஆம் நாள் நடந்த தாக்குதலையும் அவை தாங்கின. மேலும் படைகள் வந்து சேர்ந்த பின்னரே, மே 24-ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. நவம்பர் 16-ஆம் நாள் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டார். கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று இவ்வட்டாரத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

ஒரு வாரத்தில் கோட்டை எப்படி எழுந்தது? மண் வெட்டியவர் யார்? குழைத்தவர் யார்? சுமந்தவர் யார்? பேச்சுப்போட்டி மேடைகளில் கட்டபொம்மன் முழங்குகிறார். இவர்களைப் பற்றி யாரும் பேசக் கேட்டதில்லை. 1959-இல் வெளிவந்த திரைப்படத்தை நாங்கள் குறை கூறவில்லை. பாஞ்சாலங்குறிச்சியின் பெயரைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டு சென்றது அதுதானே! ஆனால் திரைவசனத்தை மனப்பாடம் செய்வது வேறு; வரலாற்றை அறிவது வேறு.

அங்கே இன்று நாம் காணும் கோட்டை, 1974-இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. அது போற்றத்தக்க பணியே. எனினும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, "கட்டபொம்மன் கோட்டையைப் பார்த்துவிட்டோம்" என்று திரும்பினால் போதுமா? உண்மைக் கோட்டையின் அடித்தளச் சுவடுகள் அருகிலேயே மண்ணோடு மண்ணாகக் கிடக்கின்றன. கல் கோட்டை கவனிப்பாரின்றியும் நூற்றாண்டுகள் நிற்கும். மண் சுவடோ ஒவ்வொரு மழைக்கும் கரையும். ஆகவே அதற்கே நம் அக்கறை மிகுதியாகத் தேவை.

தோழியரே! அடுத்த முறை அங்கே செல்லும்போது அச்சுவடுகளைத் தேடிப் பாருங்கள். அவற்றின் மீது ஏறி மிதிக்காதீர்கள், குப்பை போடாதீர்கள். வீட்டிலுள்ள பாட்டி, தாத்தாவிடம் அவர்கள் கேட்ட கதைகளைக் கேட்டு ஏட்டில் எழுதி வையுங்கள். உயரத்தில் இருப்பது மட்டுமே வரலாறு அன்று. நம் காலடியில் கிடப்பதும் வரலாறே. அதைக் காப்பது நம் கடமையன்றோ?