எழுத்து பிறக்கும் இடம்

“பள்ளிக்கூட வாசலை மிதியாத பிள்ளைக்கு எழுத்து எங்கிருந்து வரும்? நாலு பேர் நடுவில் நின்று பேசும் துணிவு எங்கிருந்து வரும்?”

இவ்வாறு கேட்போர் நம்மிடையே பலர். கேள்வியின் தொனியிலேயே தீர்ப்பும் அடங்கியிருக்கிறது. வராது என்பதே அத்தீர்ப்பு. ஆகவே எழுத்தையும் துணிவையும் பிள்ளைக்கு ஊட்டும் பொறுப்பு முழுவதையும் பள்ளிக்கூடத்தின் தலையில் ஏற்றிவிட்டு, பெற்றோர் நிம்மதியாக அமர்ந்துவிடுகிறார்கள். மூன்று வயதுக் குழந்தையின் பிஞ்சு விரல்களுக்கிடையே பென்சிலைத் திணிக்கிறார்கள். மாலையில் டியூஷன், விடுமுறையில் பேச்சுப் பயிற்சி வகுப்பு என்று பணத்தைக் கொட்டுகிறார்கள்.

எழுத்தைக் கற்பித்தே சோறு உண்பவன் நான். ஆயினும் அத்தீர்ப்பு பிழையானது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். எழுத்தும் துணிவும் பள்ளிக்கூடச் சுவர்களுக்குள் மட்டும் விளையும் பயிர்கள் அல்ல. எழுதியே ஆகவேண்டிய தேவையிலிருந்து எழுத்து பிறக்கிறது. பிள்ளையின் சொல்லுக்குப் பெரியவர் செவி கொடுக்கும் இடத்தில் துணிவு பிறக்கிறது. இவ்விரண்டும் இருந்த வீடுகளில் பள்ளியையே அறியாத பிள்ளைகளும் எழுதினார்கள், பேசினார்கள். இவ்விரண்டும் இல்லாத வீடுகளில் பன்னிரண்டு ஆண்டு பள்ளி சென்ற பிள்ளைகளும் ஒரு விடுப்புக் கடிதம் எழுதத் தெரியாமல், வந்த விருந்தாளிக்கு ஸலாம் சொல்ல நா எழாமல் நிற்கிறார்கள்.

உம்மும்மாவின் பேனா

என் உம்மும்மா பள்ளிக்கூடம் போனவர் அல்லர். தெருவில் ஓதிக்கொடுத்த ஓர் அம்மையாரிடம் மரப்பலகையில் அலிஃப், பே எழுதத் தொடங்கிப் பத்து வயதுக்குள் குர்ஆனை ஓதி முடித்தார். அத்தோடு அவருடைய படிப்பு முடிந்ததாக வீட்டார் கருதினர். எழுத்து வாசனை அத்தோடு முடிந்ததா? இல்லை.

வீட்டில் அரபுத் தமிழ்க் கிதாபுகள் இருந்தன. அரபியின் 28 எழுத்துகளோடு, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளியும் குறியும் இட்டு அமைத்த எழுத்துகளையும் சேர்த்து, தமிழையே எழுதிய முறை அது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கடல் கடந்து இலங்கையிலும் வழங்கிய அம்முறையில், கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர், அரபுக் கல்வி பெறாத மக்களும் மார்க்கச் சட்டங்களைத் தாமே படித்தறியும் பொருட்டு நூல்கள் யாத்தனர். மாலைகளும் முனாஜாத்துகளும் அவ்வெழுத்தில் அச்சாகி வந்தன. மஃரிபுக்குப் பின் பெண்கள் கூடி அவற்றைப் பாடுவார்கள். உம்மும்மா சிறுமியாக அங்கே அமர்ந்திருந்தார். காதில் விழுந்து மனத்தில் நிலைத்துவிட்ட சொல்லை, ஏட்டில் கண் தேடிப் பிடித்தது. ஓதும்போது அறிந்த எழுத்துகள் தமக்குத் தெரிந்த தமிழைப் பேசத் தொடங்கியதை உணர்ந்த நாளில் அவர் அடைந்த மகிழ்ச்சியை, முதுமையிலும் அவர் சொல்லிச் சொல்லி மகிழ்வார்.

வாசிப்பு இப்படி வந்தது. எழுத்து எப்படி வந்தது? மணமுடித்த பாட்டனார் பினாங்குக்குக் கடை வைக்கப் போய்விட்டார். எழுதாவிட்டால் செய்தி போகாது. பிறரிடம் சொல்லி எழுதினால் மனத்தில் உள்ளது போகாது. அந்தத் தேவைதான் பதினைந்து வயதுப் பெண்ணின் கையில் பேனாவைக் கொடுத்தது. முதற்கடிதங்களில் பிழைகள் மலிந்திருந்தனவாம். பாட்டனார் பிழை திருத்தி அனுப்பவில்லை. பதில் எழுதி அனுப்பினார். பதிலில் அதே சொற்கள் சரியான வடிவில் வந்தன. உம்மும்மா பார்த்துக்கொண்டார். திருத்தம் அப்படித்தான் நடந்தது.

பின்னாளில் தெருப் பெண்கள் பலருக்கு அவரே கடிதம் எழுதினார். சிறுவனாக அருகில் அமர்ந்து நான் கண்ட காட்சி அது. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்வார்கள். “அந்தச் சொல்லைப் பார்த்தா அவருக்கு மனசு நோகும் லாத்தா, மாத்தி எழுதுங்க” என்பார் ஒருத்தி. உம்மும்மா அடித்துவிட்டு வேறு சொல் இடுவார். அது அவருக்கும் பிடிக்காவிட்டால் இன்னொன்று. வாசிப்பவனின் முகத்தை மனக்கண்ணில் கண்டு சொல்லை நிறுத்துப் பார்க்கும் இக்கலையை எந்த வகுப்பறை கற்பிக்கிறது? இன்று நம் பிள்ளைகள் எழுதும் கட்டுரைகளை யார் வாசிக்கிறார்கள்? சிவப்பு மையோடு காத்திருக்கும் ஆசிரியர் ஒருவரே. அவரும் செய்தி அறிய வாசிப்பதில்லை. பிழை பிடிக்க வாசிக்கிறார்.

நூலோர் சாட்சி

இது ஒரு பாட்டியின் கதைதானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். சமூகவியலின் தந்தை என உலகம் போற்றும் இப்னு கல்தூன் (1332–1406) தம் முகத்திமாவில் இதையே வேறு சொற்களால் நிறுவுகிறார். மொழி என்பது கேட்டும் பழகியும் உள்ளத்தில் ஊறும் திறன் என்றும், இலக்கண விதிகளின் அறிவு வேறு, மொழித் திறன் வேறு என்றும் அவர் பிரித்துக் காட்டுகிறார். விதிகள் அனைத்தும் அறிந்த இலக்கணிகளிற் பலர், தம் நண்பருக்கு இரண்டு வரி எழுதச் சொன்னால் தடுமாறுவதை அவர் சுட்டுகிறார். ஐந்தாறு ஆண்டுகள் ஸர்ஃபும் நஹ்வும் ஓதிய மாணவன், அரபியில் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் வியர்த்துப்போவதை நம் மதரஸாக்களில் நானே காண்கிறேன். குற்றம் மாணவனுடையது அன்று. அவனுக்கு நாம் விதிகளைக் கொடுத்தோம். யாருக்கு எழுதுவது என்பதைக் கொடுக்கவில்லை.

திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று எண்ணிப் பாருங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனமாகிய அது, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறு தொகையாயினும் பெருந்தொகையாயினும் எழுதச் சோம்பாதீர்கள் என்று கட்டளையிடுகிறது. எழுத்தை வாழ்வின் தேவையோடு இறைவனே பிணைத்து வைத்தான்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரி 2-இல் பத்ருப் போர்க் கைதிகளுள் எழுதத் தெரிந்தோரை, மதீனத்துச் சிறுவர்களுக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெறச் செய்த செய்தி நாம் அறிந்ததே. அவர்களிடம் எழுதக் கற்றவர் எனக் கூறப்படும் ஜைத் பின் தாபித் (ரலி) அவர்களை நோக்கிப் பின்னர், யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபிகளார் பணித்தார்கள். அவர்களோடு நடக்கும் கடிதப் போக்குவரத்துக்கு நம்பிக்கையான ஒருவர் தேவைப்பட்டார். அரைத் திங்களுக்குள் கற்றுத் தேர்ந்தார் அந்த இளைஞர். தேவை எவ்வளவு பெரிய ஆசிரியன் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

துணிவு வளர்ந்த சபைகள்

இனித் துணிவைப் பார்ப்போம். நபிகளாரின் சபையிலிருந்து சிறுவர்கள் விரட்டப்படவில்லை. ஒருமுறை பானம் ஒன்று கொண்டுவரப்பட்டது. அருந்திய நபிகளாரின் வலப்புறம் ஒரு சிறுவர், இடப்புறம் முதியோர். முதியோருக்கு முதலில் கொடுக்கலாமா என்று அச்சிறுவரிடம் அனுமதி கேட்டார்கள் அண்ணலார். தங்களிடமிருந்து எனக்குக் கிடைக்கும் பங்கை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்றார் அவர். யாரும் அதட்டவில்லை. கிண்ணம் அவர் கையில் வைக்கப்பட்டது. நம் வீட்டு விருந்தில் ஒரு சிறுவன் இவ்வாறு சொல்லியிருந்தால் அவன் காது என்ன ஆகியிருக்கும்?

இன்னொரு சபையில், முஸ்லிமுக்கு உவமையான இலையுதிரா மரம் எது என நபிகளார் வினவினார்கள். பேரீச்ச மரம் என்று இளைஞர் இப்னு உமர் (ரலி) அவர்களுக்குத் தோன்றியது; பெரியோர் நடுவே சொல்ல நாணி இருந்துவிட்டார். பின்னர் அதையறிந்த தந்தை உமர் (ரலி) அவர்கள், நல்ல வேளை அடக்கமாக இருந்தாய் என்றா பாராட்டினார்கள்? நீ அதைச் சொல்லியிருந்தால் பெருஞ்செல்வத்தைவிட எனக்கு உவப்பாக இருந்திருக்கும் என்றார்கள். அதே உமர் (ரலி) அவர்கள்தாம் தம் ஆட்சியில், பத்ரு வீரர்களின் ஆலோசனைச் சபையில் இளைஞர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை அமரச் செய்தவர்கள்.

அம்ரு பின் ஸலமா (ரலி) அவர்களின் வரலாறு இவை எல்லாவற்றுக்கும் மகுடம். பாதையோர நீர்த்துறை ஒன்றில் வாழ்ந்த குலத்துச் சிறுவர் அவர். மதீனாவிலிருந்து வரும் வழிப்போக்கர் வாயிலாக இறைவசனங்களைக் கேட்டுக் கேட்டே மனத்தில் ஏற்றிக்கொண்டார். ஹிஜ்ரி 8-இல் மக்கா வெற்றிக்குப் பின் அக்குலத்தார் இஸ்லாத்தைத் தழுவியபோது, அதிகம் ஓதத் தெரிந்தவர் அவரே எனக் கண்டு இமாமாக நிறுத்தினர். அப்போது அவருக்கு வயது ஆறோ ஏழோ! அவருடைய போர்வை குட்டையாக இருந்ததைக் கண்டு குலத்தார் புதிய சட்டை தைத்துக் கொடுத்தனர். அச்சட்டையைப் போல் எதுவும் தம்மை மகிழ்வித்ததில்லை என்று அவரே பின்னாளில் கூறினார். ஏழு வயது, ஒரு நீர்த்துறை, வருவோர் போவோரின் பேச்சு, நம்பி முன்னிறுத்திய ஒரு சமூகம்! இவையே அவருடைய கல்விக்கூடம்.

நாமோ விருந்தாளி வந்ததும் பிள்ளையை “உள்ளே போ” என்கிறோம். அழுதால் கையில் செல்பேசியைக் கொடுக்கிறோம். பத்தாண்டுகள் இப்படி வாயைக் கட்டி வைத்துவிட்டு, “பையன் கூச்சப்படுறான் ஹஜ்ரத், ஒரு துஆ சொல்லுங்க” என்று எங்களிடம் வருகிறோம்.

இரு மறுப்புகள்

முதல் மறுப்பு: அது அந்தக் காலம்; இன்று சான்றிதழின்றி வாழ முடியுமா? முடியாது. 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை கட்டாய இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. அதை இழக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பள்ளி தருவது வேறு, வீடு தரவேண்டியது வேறு. அமெரிக்காவில் வகுப்பறை ஆசிரியராகவே இருந்து அதன் குறைகளைக் கண்ட ஜான் ஹோல்ட், பள்ளிக்கு அனுப்பாமலே பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களுக்காக 1977-இல் ஓர் இதழைத் தொடங்கினார். அவர் சென்ற எல்லை வரை நாம் செல்ல வேண்டியதில்லை. வாழ்வோடு கலந்து பழகும் பிள்ளை தானே கற்கிறது என்று அவர் கண்டதை ஏற்க நமக்குத் தடையில்லை.

இரண்டாவது, மறுப்பன்று, ஆபத்து. “கேட்டீர்களா, ஹஜ்ரத்தே சொல்லிவிட்டார், பெண் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு?” என்று யாரேனும் இக்கட்டுரையைக் கையில் எடுப்பாரானால், அவர் என் பக்கம் நிற்பவர் அல்லர். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் (1917–1998) மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வீட்டில் வாசித்து வாசித்தே எழுத்தாளரானவர். 1938-இல் வெளிவந்த அவருடைய ‘காதலா? கடமையா?’ நாவலை உ. வே. சாமிநாதையரே பாராட்டினார். அவர் பள்ளியிலிருந்து நின்றதனால் எழுத்தாளர் ஆகவில்லை. வீட்டில் நூல்கள் இருந்ததனால் ஆனார். அவரைப்போல் ஆற்றல் இருந்தும், பள்ளியும் நூலும் இரண்டுமே மறுக்கப்பட்டு அடுப்படியில் அவிந்துபோன பெண்கள் எத்தனை பேர்! என் உம்மும்மாவுக்கும் மேற்படிப்பு கிடைத்திருந்தால் என்ற ஏக்கம் எனக்கு இன்றும் உண்டு. பள்ளிக் கதவை அடைத்துவிட்டு வீட்டுக் கதவையும் அடைப்பவன் இயற்கைக் கல்வியைப் பேச அருகதையற்றவன்.

வீட்டாரே, எழுந்திருங்கள்!

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? கடினமான ஒன்றுமில்லை. மளிகைச் சாமான் சீட்டைப் பிள்ளை எழுதட்டும். “சீனி” என்பதைத் தப்பாக எழுதினாலும் சீனி வந்து சேரும். துபையிலும் சவூதியிலும் உழைக்கும் வாப்பாவுக்கு நாள்தோறும் குரற்செய்தி போகட்டும். வாரம் ஒன்றாவது எழுதிய கடிதமும் போகட்டும். வாப்பாமார்களே, பிழை திருத்தாதீர்கள், பதில் எழுதுங்கள்! கந்தூரிக்கும் கல்யாணத்துக்கும் வீட்டுச் செலவுக் கணக்கைப் பிள்ளைகளிடம் விடுங்கள். இரவில் ஒரு நாழிகையேனும் ஏதாவதொரு நூலை உரக்க வாசியுங்கள். பெரியவர்கள் பேசும்போது பிள்ளையும் அமரட்டும். அது ஒன்று கேட்டால் பதில் சொல்லுங்கள். பெண் பிள்ளையும் அதே பாயில் அமரட்டும்.

இவற்றுக்குக் கட்டணம் இல்லை, நன்கொடை இல்லை, சீருடை இல்லை. நம் நேரம் ஒன்றே விலை. அதைக் கொடுக்க மனமில்லாமல்தானே எல்லாவற்றையும் பள்ளிக்கூடத்தின் மேல் போடுகிறோம்?

உம்மும்மா மறைந்தபின் அவர் பெட்டியைத் திறந்தோம். நாடாவால் கட்டிய பினாங்குக் கடிதங்கள் இருந்தன. அவற்றை வாசிக்கத் தெரிந்தவர் குடும்பத்தில் நாங்கள் இருவரே எஞ்சியிருந்தோம். நம் பேரப்பிள்ளைகள் நம் பெட்டியைத் திறக்கும் நாளில் அதில் என்ன இருக்கும்? நம் கையெழுத்தில் ஒரு வரியேனும் இருக்குமா? எழுதுகோலைக் கொண்டு கற்பித்த இறைவன், நம் இல்லங்களில் எழுத்தையும், நம் மக்களின் நாவில் துணிவான நற்சொல்லையும் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.