பற்காரையை என்ன செய்வது?

"பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும்" என்று பெரியவர்கள் சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பல்லில் கெட்டியாகப் படிந்திருக்கும் மஞ்சள் நிறக் காரைதான் பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். வேறு சிலரோ செங்கல் தூளாலும் எலுமிச்சைச் சாற்றாலும் அதைத் தாமே தேய்த்து எடுக்க முயல்கிறார்கள். இரண்டும் தவறு என்பேன். காரையின் வேதியியலை அறிந்தால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

பல்லின்மேல் பாக்டீரியாக்கள் மெல்லிய படலமாக ஒட்டி வளர்கின்றன. 1683-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு லீவன்ஹூக் தம் பல்லிடுக்கிலிருந்து எடுத்த வெண்ணிறப் பொருளை உருப்பெருக்கியில் பார்த்து, அதில் நெளிந்தோடிய நுண்ணுயிர்களைக் கண்டு வியந்தார். அந்தப் படலம்தான் இது. உமிழ்நீரில் கரைந்துள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் இப்படலத்தில் படிகங்களாக இறுகுகின்றன. உமிழ்நீர் வந்து விழும் இடங்களுக்கு அருகில், அதாவது கீழ் முன்பற்களின் உட்புறத்திலும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப்புறத்திலும், காரை மிகுதியாகச் சேர்வது இதனால்தான்.

முற்றிய காரையின் எடையில் சுமார் 70 முதல் 80 விழுக்காடு கனிமப் பொருளே. அதில் நான்கு வகைக் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் முக்கியமானவை: புரூஷைட், ஆக்டாகால்சியம் பாஸ்பேட், விட்லாக்கைட், ஹைட்ராக்சி அபடைட். இளங்காரையில் புரூஷைட் காணப்படும். நாளாக ஆக ஹைட்ராக்சி அபடைட் மிகும்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். நம் பல்லின் எனாமலும் ஹைட்ராக்சி அபடைட்டால் ஆனதே! ஆகவே காரையைக் கரைக்கும் அமிலம் பல்லையும் கரைக்கும். காரையைத் தேய்க்கும் தூள் பல்லையும் தேய்க்கும். காரை மீண்டும் வளரும். இழந்த எனாமலோ மீண்டும் வளராது.

பல் மருத்துவர் காரையைக் கரைப்பதில்லை. கருவியால் பெயர்த்து எடுக்கிறார். அதன்பின் பல் ஆடினால் குற்றம் அவருடையதன்று. ஈறு நோயால் பல்லைத் தாங்கும் எலும்பு முன்பே குறைந்திருக்கிறது. பற்களை இணைத்து நின்ற காரை அதை மறைத்து வைத்திருந்தது. காரையை விட்டுவைத்தால் எலும்பு மேலும் குறையும்.

மாணவர்களே, படலம் சில நாட்களிலேயே இறுகத் தொடங்கிவிடும். மென்மையாக இருக்கும்வரை அதை நீக்கச் சாதாரணப் பிரஷ் போதும். ஆகவே காலையிலும் இரவிலும் பல் துலக்குங்கள். இறுகிவிட்டதா? மருத்துவரிடம் செல்லுங்கள். அஞ்சும் பெரியவர்களுக்கும் காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள்.