பந்து நழுவினால் திட்டாதீர்கள்

மேலே போன பந்து ஏன் கீழே வருகிறது? பூமி இழுக்கிறது. 20 மீட்டர் உயரத்திலிருந்து சுமார் 2 விநாடியில் வந்துவிடும். வரவர வேகம் கூடும்.

ஆம்பூர், வாணியம்பாடி மக்களுக்குத் தோல் பழகிய பொருள். அந்தத் தோலைப் போர்த்திய கிரிக்கெட் பந்து சுமார் 160 கிராம்தான். ஆனால், விழும் வேகத்தில் கை எரியும்!

கையை விறைப்பாக நீட்டினால் பந்து துள்ளி ஓடும். பந்தோடு கையையும் பின்னுக்கு இழுத்தால் வேகம் தணியும். பந்து கையில் தங்கும்.

1999 உலகக் கோப்பையில், பந்து பிடிப்பதில் பெயர் பெற்ற தென் ஆப்பிரிக்க வீரர் கிப்ஸ், கைக்கு வந்த கேட்சை அவசரப்பட்டு நழுவவிட்டார். தப்பிய ஆஸ்திரேலிய கேப்டன் ஸ்டீவ் வா 120 ரன் எடுத்து ஜெயித்தார்.

அவருக்கே கை தவறியது. பிள்ளைகளுக்குத் தவறாதா? பெற்றோரே, திட்டாதீர்கள். பிடிக்கக் கற்றுக்கொடுங்கள்!