வாயில்லா ஜீவனுக்கு வரன்

தெருவில் அடிபட்டுக் கிடக்கும் நாயைத் தூக்கி வந்து கட்டுப் போட்டுக் காப்பாற்றுகிற நல்ல மனசு நம் சகோதரிகள் பலருக்கு உண்டு. தயிர் சாதத்தில் மாத்திரையை ஒளித்துக் கொடுத்தாவது ஒரு மாதத்தில் அதை எழுந்து நடக்க வைத்துவிடுகிறார்கள். சிரமம் அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. "அதுதான் தேறிவிட்டதே, இன்னும் எத்தனை நாள் இங்கே?" என்று கணவர் முணுமுணுக்கிறார். வீட்டுச் சொந்தக்காரரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்!

பழையபடி தெருவில் விட்டுவிடலாமே என்கிறீர்களா? வீட்டுச் சோற்றுக்குப் பழகியதை, அதுவும் கால் ஊனமானதை, தெரியாத தெருவில் விட்டால் அங்குள்ள நாய்கள் சும்மா விடுமா? வீடுதான் பார்க்க வேண்டும். அதற்காக முதலில் கை நீட்டுகிறவரிடம் கொடுத்துவிடவும் கூடாது. பெண்ணுக்கு வரன் தேடும்போது எவ்வளவு விசாரிக்கிறோம்! புகுந்த வீட்டில் கஷ்டம் என்றால் பெண் டெலிபோனிலாவது சொல்லி அழுவாள். இது யாரிடம் போய்ச் சொல்லும்?

மாம்பலத்தில் எனக்குத் தெரிந்த மாமி ஒருவர், ஆட்டோ மோதிய நாயைத் தேற்றி வைத்திருந்தார். மூன்று பேர் கேட்டு வந்தார்கள். கிடங்கு வாசலில் சங்கிலி போட்டுக் கட்டக் காவல் நாய் வேண்டும் என்றார் ஒருவர். குழந்தைக்குப் பிறந்த நாள் பரிசு என்றார் இன்னொருவர். மூன்றாவதாக வந்த அம்மாள், "இதற்கு எதைக் கண்டால் பயம்? ராத்திரி எங்கே படுக்கும்? நாங்கள் ஊருக்குப் போனால் என் தங்கை பார்த்துக்கொள்வாள், அவளிடமும் பழக்கட்டுமா?" என்று அடுக்கினார். "இவர்தான் சம்பந்தி!" என்று மாமி தீர்மானித்துவிட்டார். தீர்மானித்த பிறகும் அந்த வீட்டை நேரில் போய்ப் பார்த்த பின்புதான் அனுப்பி வைத்தார்.

கேள்வி கேட்கிற வீடே நல்ல வீடு. கொடுக்கிறவரும் ஒளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். நொண்டுகிறதா, செருப்பைக் கடிக்கிறதா, பூனையைத் துரத்துகிறதா, எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். மறைத்துக் கொடுத்த நாய் பத்தாம் நாள் திரும்பி வரும். வெறிநாய்த் தடுப்பூசியும் கருத்தடையும் முடித்து, மருத்துவர் தந்த சீட்டோடு அனுப்புங்கள். அந்த ஊசியை மருத்துவர் சொல்லும் கெடுவில் மறுபடியும் போட வேண்டும் என்பதையும் நினைவூட்டுங்கள்.

வாங்கிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் சில நாள் அது கட்டிலடியில் பதுங்கும்; சாப்பிடாது. "நன்றி கெட்டது" என்று சொல்லாதீர்கள். புது வீடு தன் வீடுதான் என்று நம்ப அதற்கு மாதக் கணக்கில்கூட ஆகலாம். சாக்லேட், திராட்சை, வெங்காயம், வேகவைத்த கோழி எலும்பு இவை ஆகவே ஆகாது. தீபாவளிக்கு முந்தின வாரம் நாயை வீடு மாற்றாதீர்கள். வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடினால் திரும்பி வர வழி தெரியாது. கழுத்துப் பட்டையில் உங்கள் டெலிபோன் நம்பர் இருக்கட்டும்.

இதெல்லாம் பெரிய மனிதர்கள் செய்கிற காரியம் என்று எண்ண வேண்டாம். சென்னையின் புளூ கிராஸ் எப்படிப் பிறந்தது தெரியுமா? 1959-ல் மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் சுந்தரம் தம் வீட்டுக்கு எடுத்து வந்ததில்தான். அவர் மனைவி உஷா சுந்தரமும் கூட நின்றார். ஒரு குடும்பத்தின் இரக்கம் பெரிய ஸ்தாபனமாக வளர்ந்தது.

உங்கள் வீட்டில் நாய் வளர்க்க இடமில்லையா? பரவாயில்லை. உங்களுக்குத் தெரிந்த நாலு நல்ல வீடுகளில் சொல்லி வையுங்கள். கல்யாணத் தரகுக்குக் கமிஷன் உண்டு. இந்தத் தரகுக்கு வாலாட்டல்தான் கூலி. ஆனால் அது ஆயுசு முழுக்கக் கிடைக்கும்!